ஃபிளிண்ட்லாக் ரைஃபிளுக்கு எந்த காலிபர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் சுடும் பழைய பாணி ஃபிளிண்ட்லாக் ரைஃபிளை அமெரிக்காவில் இன்றும் ஏராளமானோர் காட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் ஃபிளிண்ட்லாக் மான் வேட்டைப் பருவம் 1974இலிருந்து நடக்கிறது. புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது காலிபரை, அதாவது குழல் துளையின் அளவைப் பற்றித்தான். கீழே உள்ள பதில்கள் உருண்டையான ஈயக் குண்டைத் துணியில் வைத்துச் சுடும் ரைஃபிளுக்கு மட்டும். பிளாஸ்டிக் உறை போட்ட தோட்டா சுடும் நவீன இன்லைன் வகைகளுக்கு இவை பொருந்தாது.

ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்கப் போகிறேன். எந்த காலிபர்?

.50. மானுக்குப் போதும், சட்டத்துக்குப் போதும், குண்டு எங்கும் கிடைக்கும், மைதானத்தில் நாள் முழுக்கக் காகிதக் குறியைச் சுட்டாலும் தோள் தாங்கும். வேறு எண்ணுக்குப் போக வேண்டுமென்றால் குறிப்பான காரணம் இருக்க வேண்டும்: அணில் மட்டும்தான் சுடுவேன், எல்க் என்ற பெரிய மானைத் தேடிப் போகிறேன், போட்டிக்கு மட்டும்தான் வேண்டும், இப்படி ஏதாவது. மீதிக் கேள்விகள் பெரும்பாலும் அந்தக் காரணங்களைப் பற்றியவை.

இந்த எண் எதன் அளவு?

குழலின் உள்விட்டம், அங்குலத்தில். .50 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ரைஃபிள் குழலுக்குள் திருகுபோலப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள மேடுகளுக்கு இடையில் அளந்தால் வருவது இந்த எண்.

குண்டு அதைவிடச் சிறியது. .50 குழலுக்கு வழக்கமாக .490 குண்டு, அதைச் சுற்றி .015 அங்குலத் தடிமனில் கொழுப்போ எண்ணெயோ தடவிய துணி. அந்தத் துணிதான் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு குண்டைச் சுழற்றுகிறது. ஈயம் இரும்பைத் தொடுவதில்லை. மெத்தை, தலையணை உறை தைக்கும் நெருக்கமான கோடு போட்ட பருத்தித் துணிதான் எல்லாரும் வாங்குவது. செயற்கை இழை கலந்தது வேண்டாம், சூட்டில் உருகிக் குழலில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய கொல்லர்கள் அங்குலத்தில் பேசியதில்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் எத்தனை குண்டு வார்க்கலாம் என்பதுதான் அவர்கள் கணக்கு. .50க்கு உரிய குண்டு பவுண்டுக்கு ஏறக்குறைய 40, .45க்கு 55, .54க்கு 31. ஷாட்கன்களை 12 கேஜ், 20 கேஜ் என்று சொல்கிறோமே, அது இந்தக் கணக்கின் மிச்சம்தான்.

.45க்கும் .50க்கும் வித்தியாசம் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு. இதில் என்ன பெரிதாக மாறிவிடும்?

நிறைய மாறும். உருண்டையின் எடை விட்டத்தின் கன மடங்கில் ஏறும். சுத்த ஈயத்தில் .440 குண்டு 128 கிரெய்ன், .490 குண்டு 177, .530 குண்டு 224. (7000 கிரெய்ன் ஒரு பவுண்டு, 177 கிரெய்ன் என்றால் பதினொன்றரை கிராம்.) ஆக .45இலிருந்து .50க்குப் போனால் குண்டின் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. .45இலிருந்து .54க்குப் போனால் முக்கால் பங்கு கூடுகிறது.

கீழ்ப்பக்கமும் அதே கதைதான். .32க்கு உரிய .310 குண்டு வெறும் 45 கிரெய்ன். நான்கு சேர்ந்தால்தான் ஒரு .50 குண்டின் எடை வரும்.

எடையைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் உண்டு. கூர்முனைத் தோட்டாபோல உருண்டை காற்றைக் கிழித்துப் போகாது. வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். நொடிக்கு 1800 அடி வேகத்தில் கிளம்பும் .490 குண்டு 100 கஜம் போவதற்குள் ஏறக்குறைய 1100 அடிக்கு இறங்கிவிடும். அப்போது அதன் ஆற்றல் கிளம்பியதில் பாதிகூட இருக்காது. மருந்தை அள்ளிப் போட்டுத் தொடக்க வேகத்தைக் கூட்டினாலும் அந்தக் கூடுதலில் பெரும்பகுதியைக் காற்று வழியிலேயே பிடுங்கிக்கொள்ளும். தூரத்தில் வலு வேண்டுமென்றால் பெரிய குண்டுதான் ஒரே வழி.

சட்டம் ஏதாவது குறைந்தபட்ச காலிபர் சொல்கிறதா?

ஆமாம், மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பென்சில்வேனியாவின் ஃபிளிண்ட்லாக் மான் பருவத்துக்குக் குறைந்தது .44. கொலராடோவில் மானுக்கும் கருங்கரடிக்கும் .40, எல்க்குக்கும் அதைவிடப் பெரிய மூஸ் மானுக்கும் .50. விதிகள் மாறுவதுண்டு, வேட்டை ஆணையம் அந்த ஆண்டுக்கு வெளியிடும் கையேட்டைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அழகான .40 ஒன்றை ஆசையாக வாங்கிவிட்டு, பென்சில்வேனியாவில் மான் பருவத்துக்கு அதை எடுக்கக் கூடாது என்று பிறகு தெரிந்துகொள்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

.45 மானுக்குப் போதாதா?

போதும், நெருக்கத்தில். வெள்ளைவால் மானை 50, 60 கஜத்துக்குள் அது பக்கவாட்டில் நிற்கும்போது சுவாசப் பையில் சுட்டால் .45 வேலையை முடித்துவிடும். அடர்ந்த காட்டில் ஃபிளிண்ட்லாக்கால் விழும் மான்களில் பெரும்பாலானவை அந்தத் தூரத்துக்குள்தான் விழுகின்றன. ஆனால் கோணலாக நிற்கிற மானின் தோள் எலும்பைத் தாண்டிப் போக வேண்டும், மறுபக்கம் துளைத்து வெளியே வர வேண்டும், ரத்தத் தடம் விழ வேண்டும் என்றால் .50ம் .54ம் மேல். குண்டு உள்ளேயே தங்கிவிட்டால் இருட்டுகிற நேரத்தில் தடம் தேடுவது பெரும்பாடு.

சுடுவதில் பெரும்பகுதி காகிதம், எப்போதாவது ஒரு மான் என்றால் .45 நல்ல தேர்வு. ஈயமும் மருந்தும் குறைவாகச் செலவாகும், உதையும் மெலிது.

.54 எப்போது?

மானோடு கருங்கரடியும் எல்க்கும் மனதில் இருந்தால். அல்லது திறந்த வெளியில் 80, 100 கஜம் வரை சுட வேண்டி வந்தால். .50ஐவிடக் குண்டு கால் பங்குக்கும் சற்று மேல் கனம்; காற்றில் அவ்வளவு ஒதுங்காது. அமெரிக்க ராணுவம் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலையில் செய்த 1803 மாடல் ஃபிளிண்ட்லாக் ரைஃபிள் .54தான். பிறகு செயின்ட் லூயிஸில் ஹாக்கன் சகோதரர்கள் மேற்கு மலைகளுக்குப் போனவர்களுக்காகச் செய்த ரைஃபிள்களும் அந்த அளவை ஒட்டியே இருந்தன. கரடி நடமாடும் இடத்துக்குப் போகிறவன் பெரிய குண்டைத்தான் கேட்டான்.

எல்க் வேட்டைக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் .54 என்பேன். மானுக்கு மட்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

.58, .62?

மூஸ் சுடப் போகிறவருக்கும், பழைய ஜெர்மன் யேகர் பாணி ரைஃபிள் மேல் மோகம் கொண்டவருக்கும். முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

அணிலுக்கும் முயலுக்கும் .32 வாங்கலாமா?

வாங்கலாம். ஒரு பவுண்டு ஈயத்தில் நூற்றைம்பதுக்கும் மேல் குண்டு வரும், மருந்தும் 20, 25 கிரெய்ன் போதும். சத்தம் சின்னது, உதை என்று ஒன்றே இல்லை. கறி சிதறாமல் கிடைக்கும்; .50ஆல் அணிலைச் சுட்டால் சமைக்க எதுவும் மிஞ்சாது.

ஆனால் சிறிய குழலுக்கே உரிய தொல்லைகள் உண்டு, கடைக்காரர்கள் இதைச் சொல்வது குறைவு. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் கரியும் உப்புமாகத் திடப்பொருளாகவே மிஞ்சும். அகலமான குழலில் அந்தப் படிவு பரவலாகப் படியும்; .32இல் நாலைந்து சுடுவதற்குள் குண்டு இறங்க மறுக்கும். இடையிடையே ஈரத்துணி விட்டுத் துடைத்தே ஆக வேண்டும். குண்டைத் தள்ளும் மரக்கோலும் கால் அங்குலத் தடிமனுக்குத்தான் இடம். குண்டு இறுகியிருக்கும்போது கோலின் மேல்நுனியைப் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினால் கோல் வளைந்து, சாய்வாகப் பிளந்து, கூர்முனை உள்ளங்கையில் ஏறும். எந்த காலிபரிலும் குழல் வாய்க்கு ஒரு சாண் மேலே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ள வேண்டும்; .32இல் இதை மறந்தே போகக் கூடாது.

.36 இதே வேலையைச் செய்யும், குழலும் கோலும் சற்று மனிதத்தனமாக இருக்கும். அணில் ரைஃபிள் கேட்பவர்களுக்கு நான் சொல்வது .36.

.40 பற்றிப் பலர் உயர்வாகப் பேசுகிறார்களே?

போட்டிச் சுடுதலுக்கு அருமையான அளவு. 93 கிரெய்ன் குண்டு காற்றில் .36ஐவிட நேராகப் போகும், உதை கிடையாது. பல மாநிலங்களில் மானுக்கு ஆகாது, அணிலுக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டாவது துப்பாக்கியாக வாங்குங்கள்.

காலிபர் பெரிதானால் துப்பாக்கி கனமாகுமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நேர்மாறு. வெளி அளவு ஒன்றாக இருக்கும்போது துளை பெரிதானால் இரும்பு குறைகிறது, துப்பாக்கி லேசாகிறது. எதிர்ப்பக்கங்களுக்கு இடையே 15/16 அங்குலம், நீளம் 42 அங்குலம் உள்ள எண்கோணக் குழலைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். .45 துளையிட்டால் குழல் மட்டும் ஆறேமுக்கால் பவுண்டு, .50 என்றால் ஆறே கால் சொச்சம், .54 என்றால் ஆறு பவுண்டுக்குச் சற்றுக் கீழே. இந்த எடையெல்லாம் நீட்டிய இடக்கையில்தான் விழும். நின்று குறிபார்க்கும்போது முக்கால் பவுண்டு என்பது நன்றாகவே தெரியும்.

அதனால் .32 கேட்டுவிட்டு, பெரிய காலிபருக்கான தடித்த குழலிலேயே அதைத் துளைத்து வாங்கினால் கையில் கிடைப்பது கடப்பாரை. சின்ன காலிபர் வேண்டுமென்றால் 13/16 அங்குலம் போன்ற மெலிந்த குழலைக் கேளுங்கள். இன்னும் நல்லது, பழைய பென்சில்வேனியா ரைஃபிள்களில் இருந்ததுபோல அடியில் தடித்து, நடுவில் மெலிந்து, வாயில் மறுபடி சற்று விரியும் குழல். விலை கூடும். ஆனால் தோளில் வைத்த நொடியிலேயே அந்தப் பணம் எங்கே போனது என்று புரிந்துவிடும்.

உதை எப்படி இருக்கும்?

காலிபரைவிடப் பின்கட்டையின் வடிவம்தான் முக்கியம். 19ஆம் நூற்றாண்டுப் பாணியில் பிறைபோல வளைந்து, இரு நுனியும் கூராக நிற்கும் பித்தளைத் தகடு போட்ட .54, தட்டையான அகலக் கட்டை போட்ட .58ஐவிட வலிக்கும். பிறைத் தகட்டைத் தோளில் வைக்கக் கூடாது. தோளுக்கு வெளியே, மேற்கையில் பொருத்திச் சுட வேண்டும்.

குழலின் திருகு பற்றியும் சொல்கிறார்களே, அது என்ன?

பள்ளம் ஒரு முழுச் சுற்று சுற்ற எத்தனை அங்குலம் எடுக்கிறது என்பதுதான். உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுற்று போதும். .50, .54க்கு 60 முதல் 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று, சிறிய காலிபர்களுக்கு 48 அங்குலம் அல்லது அதற்குக் கீழே. தொழிற்சாலை ரைஃபிள்கள் பலவற்றில் .50க்கும் 48 அங்குலமே இருக்கும். உருண்டையையும் நீள்குண்டையும் ஒரே குழலில் சுடலாம் என்பதற்காகச் செய்த சமரசம் அது, மருந்தை அளவாகப் போட்டால் உருண்டைக்குக் குறையில்லை.

28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று போட்டிருந்தால் அது நீள்குண்டுக்கான குழல். அதில் உருண்டை வைத்து மருந்தைக் கூட்டினால் வேகச் சுற்றில் துணி பிடி நழுவி, குண்டு எங்கேயோ போகும். .50 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

மருந்து எவ்வளவு?

முதலில் எச்சரிக்கை: கருமருந்து மட்டும். நவீன புகையில்லா மருந்தைச் சிட்டிகை அளவு போட்டாலும் குழல் வெடிக்கலாம். கருமருந்துக்கு மாற்று என்று விற்கும் தூள்கள் தீப்பிடிக்கக் கூடுதல் சூடு கேட்பவை; கல்லின் பொறிக்கு அவை சரிவராது.

காலிபர் எண் எவ்வளவோ அத்தனை கிரெய்னில் தொடங்குவது வழக்கம். .50க்கு 50, .45க்கு 45. காகிதத்துக்கு அதுவே போதும். மானுக்கு .50இல் 70 முதல் 90. குழல் செய்தவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டாதீர்கள். மணியின் பருமனை எஃப் எண்ணிக்கையால் சொல்வார்கள், எஃப் கூடக் கூட மணி சிறியது. .45 வரை மூன்று எஃப், .54க்கும் அதற்கு மேலும் இரண்டு எஃப், .50க்கு எதுவும் சரி. நான்கு எஃப், குழலுக்கு வெளியே பொறி விழும் கிண்ணியில் மட்டும்.

இதில் ஒரு சுவாரசியம். 1804இல் மேற்கு நோக்கிக் கிளம்பிய லூயிஸ்-கிளார்க் குழு மருந்தை ஈயப் பெட்டிகளில் அடைத்து எடுத்துப் போனது. ஒரு பெட்டியில் 4 பவுண்டு மருந்து. காலியானதும் உருக்கிக் குண்டு வார்க்கப் பெட்டியே 8 பவுண்டு ஈயம். குண்டின் எடையில் பாதி மருந்து என்ற கணக்கு. 177 கிரெய்ன் குண்டுக்கு அதைப் போட்டால் 88 கிரெய்ன் வருகிறது, இன்றைய மான் வேட்டைக்காரர் அளந்து போடுவதும் அதேதான்.

பெரிய காலிபர் என்றால் தீப்பற்றத் தாமதமாகுமா?

ஆகாது. கல்லின் கூர்மை, கிண்ணியின் தீ உள்ளே போகும் குழலின் பக்கத்துத் துளை சுத்தமாக இருப்பது, கிண்ணி மருந்து உலர்ந்திருப்பது, இவைதான் தாமதத்தைத் தீர்மானிக்கின்றன. கல்லைப் பிடித்திருக்கும் குதிரை விழுந்து குண்டு கிளம்பும்வரை ஆடாமல் நிற்கப் பழகுவது உங்கள் வேலை. அதனால்தான் முதல் துப்பாக்கி உதைக்காததாக இருக்க வேண்டும் என்கிறேன். உதைக்குப் பயந்து கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொண்டால், அதை எளிதில் உதற முடியாது.

குண்டு எங்கே கிடைக்கும்?

.45, .50, .54க்குக் கடையிலேயே பெட்டிப் பெட்டியாகக் கிடைக்கும். ஹார்னடி, ஸ்பீயர் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. மற்ற அளவுகளுக்குத் தபாலில் வரவழைக்க வேண்டும், அல்லது அச்சு வாங்கி நீங்களே வார்க்க வேண்டும். வார்ப்பதானால் நகத்தால் கீறினால் கோடு விழும் மெல்லிய சுத்த ஈயம் வேண்டும். திறந்த வெளியில் உருக்குங்கள், பக்கத்தில் தண்ணீர் வைக்காதீர்கள்; உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெறித்து முகத்துக்கு வரும்.

அந்தக் காலத்தில் உண்மையில் எந்த அளவு வைத்திருந்தார்கள்?

ஜெர்மன் குடியேறிகள் கொண்டுவந்த யேகர் ரைஃபிள்கள் குட்டையான, பெருத்த குழல் உள்ளவை; .60ஐ ஒட்டியவை நிறைய. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரக் கொல்லர்கள் கையில் அது நீண்டு, மெலிந்து, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் .50ஐச் சுற்றிய அளவுகளுக்கு வந்தது. ஈயமும் மருந்தும் நாட்கணக்கில் சுமக்க வேண்டிய காட்டில் ஒரு பவுண்டுக்கு எத்தனை குண்டு என்பது வயிற்றுப்பாட்டுக் கணக்கு. அமெரிக்க விடுதலைப் போரின்போது 1780இல் கிங்ஸ் மவுண்டனில் நடந்த சண்டையில் மலைக்கு அப்பாலிருந்து வந்த குடிமக்கள் பயன்படுத்தியது இந்த வகை ரைஃபிள்தான். லங்காஸ்டர் கொல்லர் ஜேக்கப் டிக்கர்ட்டின் பெயர் அதனால் இன்றும் பேசப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் கிழக்கே பெரிய விலங்குகள் அருகியதும் காலிபர் இன்னும் சிறுத்தது.

ஆனால் அசல் துப்பாக்கியை அளந்து, இதுதான் கொல்லர் வைத்த அளவு என்று சொல்லிவிட முடியாது. பள்ளம் தேய்ந்தால் மறுபடி ஆழமாக வெட்டுவார்கள், துளை கொஞ்சம் பெருக்கும். .45 ஆகப் பிறந்தது .50ஐத் தாண்டியும் போயிருக்கலாம்.

பிரவுன் பெஸ்ஸும் ஃபிளிண்ட்லாக்தானே? அது .75 ஆயிற்றே?

அது பிரிட்டிஷ் படையின் மஸ்கெட். உள்ளே திருகுப் பள்ளம் கிடையாது, வழுவழுப்பான குழல். குண்டு தளர்வாக இறங்கும், வேகமாகக் கெட்டிக்கலாம், குறி சுமார்தான். படை வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதற்கான ஆயுதம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாட்டில் பாளையக்காரர்களோடு மோதிய கும்பினிப் படையின் கையில் இருந்ததும் அந்த இனம்தான். நம்மூர் நாட்டுத் துப்பாக்கியும் வாய்வழி கெட்டிப்பது என்றாலும் பெரும்பாலும் ரவை சுடும் வழுவழுக் குழல். இங்கே சொன்ன கணக்குகள் அதற்குப் பொருந்தாது. தவிர, இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி அதற்கும் உரிமம் வேண்டும், 1972 வனவிலங்குச் சட்டப்படி இன்று பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை.

பழைய ரைஃபிள் ஒன்று விலைக்கு வருகிறது. காலிபரை எப்படிப் பார்ப்பது?

அதற்கு முன்னால் உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். தள்ளுகோலைக் குழலின் அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி பக்கத்துத் துளை வரை வர வேண்டும். ஓர் அங்குலமோ அதற்கு மேலோ குறைந்தால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் கிடக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பரணிலிருந்து இறக்கிய துப்பாக்கிகளில் இது அபூர்வமில்லை. அப்படியானால் கை வைக்காமல் கொல்லரிடம் கொடுத்துவிடுங்கள்.

காலி என்று தெரிந்த பிறகு குழல் வாயில் காலிப்பர் என்ற அளவுக் கருவியை வைத்து மேட்டுக்கு மேடு அளக்கலாம். குழலின்மேல் பொறித்திருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். வாய் தேய்ந்திருந்தால் அளவு கூடக் காட்டும். மெல்லிய ஈயத் துண்டைச் சிறிது உள்ளே அழுத்தி எடுத்து அளந்தால் சரியாக வரும்.

.45 வாங்கிவிட்டுப் பிறகு .50 ஆக்கிக்கொள்ளலாமா?

குழலின் சுவர் தடிமன் இருந்தால் முடியும். துளையைப் பெரிதாக்கிப் பள்ளம் வெட்டித் தரும் பட்டறைகள் இருக்கின்றன. தள்ளுகோலையும் மாற்ற வேண்டி வரலாம், கட்டையில் அதற்கான துளையையும் பார்க்க வேண்டும். பெரியதைச் சிறியதாக்குவதுதான் கஷ்டம். உள்ளே புதுக் குழாய் ஒன்றைச் செருக வேண்டும், அந்தச் செலவுக்குப் புதுக் குழலே வாங்கிவிடலாம். அதனால் .45ஆ .50ஆ என்று இன்னும் முடிவாகவில்லை என்றால், .45ஐச் சற்றுத் தடித்த குழலில் வாங்கி இரண்டு பருவம் சுட்டுப் பாருங்கள்.